புஜத்தில் தழும்பு இருந்தால் டி.பி. வராதா? உலகத்துக்கே பதில் சொன்ன செங்கல்பட்டு மாவட்டம்!

படூர் பஸ் நிறுத்தத்தில், கம்பியைப் பிடித்து ஏறுகிறவர்களைப் பாருங்கள். பலருடைய இடது புஜத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு தழும்பு இருக்கும். பச்சைக் குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது.

"அதான் ஊசி போட்டாச்சே, நமக்கு எங்கே டி.பி. வரப்போவுது?" என்று இருமிக்கொண்டே சொல்கிறவர்களும் உண்டு.

இந்தப் பேச்சு சரியா? பதில் சொன்னது வேறு எதுவும் அல்ல. படூர் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான்!

தழும்பு எப்படி வருகிறது?

பிரான்ஸ் விஞ்ஞானிகள் கால்மெட், கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருஷம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தை முறித்தார்கள். 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். அதுதான் பி.சி.ஜி.

ஊசி தோலுக்குள் இறங்கியதும் வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வந்து கூடுகின்றன. அந்த இடம் சிவந்து வீங்குகிறது. டாக்டர்கள் இதை 'அழற்சி' என்கிறார்கள். சில வாரங்களில் கொப்புளமாகி, புண்ணாகி, ஆறித் தழும்பாகிறது.

சில அணுக்கள் மட்டும் எதிரியை ஞாபகம் வைத்துக் கொள்கின்றன. நிஜக் கிருமி வந்தால் அடையாளம் கண்டு பாயும் என்பது கணக்கு.

ஆனால் கணக்கு ஊருக்கு ஊர் மாறியது! 1950-ல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கிய சோதனையில் நல்ல பலன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பலன் மிகக் குறைவு. எது உண்மை?

209 கிராமங்கள், ஒரு நகரம்

இதைத் தீர்க்க 1968-ல் மாவட்டத்தின் மறுகோடியான திருவள்ளூர் வட்டாரத்தில் பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் கைகோர்த்தன.

209 கிராமங்களிலும் ஒரு நகரத்திலும், 1 மாதக் குழந்தை முதல் கிழவர் வரை இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் கை நீட்டினார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது! இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை எக்ஸ்-ரே, சளிப் பரிசோதனை என்று வீடு வீடாகத் தேடிப் போனார்கள்.

அதிர்ச்சி முடிவு

ஏழரை வருஷக் கணக்கு 1979-ல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வந்ததில் லாபகரமான வித்தியாசமே இல்லை! மருத்துவ உலகம் திடுக்கிட்டது. முடிவு கசப்பாக இருக்கிறதே என்று யாரும் அதை மூடி மறைக்கவில்லை.

15 வருஷ முடிவு 1999-ல் அச்சானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளிடம் கொஞ்சம் தெரிந்தது. அதுவும் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை.

காரணம்? நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக் கிருமிகள் ஏராளம். அவற்றோடு முன்பே பழகிவிட்ட உடம்பில் ஊசியின் வேலை தனியாகத் தெரியவில்லை என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. வாதம் தீர்ந்தபாடில்லை.

அப்படியானால் ஊசி வேண்டாமா?

அவசரப்படக் கூடாது! உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்தது. கைக்குழந்தைக்கு ஊசியை நிறுத்தாதீர்கள் என்றே முடிவு சொன்னது. மூளைக் காய்ச்சலாகவும், உடம்பு முழுவதும் பரவியும் குழந்தைகளைக் கொல்லும் காசநோயை பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது. ஆகவே பிறந்த குழந்தைக்கு ஊசி கட்டாயம் போட வேண்டும்.

ஆனால் அந்தத் தழும்பு பெரியவர்களுக்கு ஆயுள் முழுவதற்குமான கவசம் அல்ல. 2 வாரத்துக்கு மேல் இருமலா? சாயங்காலக் காய்ச்சலா? உடம்பு இளைக்கிறதா? சளியில் ரத்தமா? கையைப் பார்த்துத் தைரியப்பட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். சாதாரண டி.பி.க்கு வழக்கமாக 6 மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் போதும்.

லட்சக்கணக்கான கிராமத்து ஜனங்கள் கை நீட்டிக் கண்டுபிடித்துக் கொடுத்த பாடம் இது. வீணாகலாமா?