நிதி விண்ணப்பம் எழுதுவோருக்குக் கூலி எப்படி?

பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் நம் தாம்பரம், குரோம்பேட்டைப் பிள்ளைகள் சிலர், "தொண்டு நிறுவனங்களுக்கு நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கலாமாமே, உண்மையா?" என்று கேட்கிறார்கள். உண்மைதான்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைப் பெற அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி பதிவுகளும், 3 ஆண்டுப் பணி அனுபவமும், 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் தேவை. எழுத ஒப்புக்கொள்ளும் முன் இந்தக் காகிதங்களைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உழைப்பு வீண்.

அழகான ஆங்கிலம் இரண்டாம்பட்சம். எத்தனை பிள்ளைகள், எந்தத் தெரு, ஒரு தையல் மிஷின் என்ன விலை, செலவுக்கு எப்படிக் கணக்குக் காட்டுவோம் என்பதுதான் விண்ணப்பம்.

இனி கூலி. "நிதி வந்தால் 10 சதவீதம் எனக்கு" என்று நம் அலுவலகத்துக்கே ஒருவர் வந்தார். மறுத்துவிட்டோம். பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒருவர் தந்த பணத்தில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? அமெரிக்காவில் இத்தொழில் செய்வோரின் சங்கமும் சதவீதக் கமிஷனை ஏற்பதில்லை. வேலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நிதி கிடைக்காவிட்டாலும் அது உங்களுக்குச் சேர வேண்டியது. பாதியை முன்பணமாக வாங்குங்கள், எங்களிடமும்தான்.

எழுதிப் பழக விரும்புவோருக்கு, பயனாளிகள் பெயரை மறைத்து எங்கள் பழைய கல்வி உதவிக் கோப்பு ஒன்றைத் தருகிறோம். அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள்.