இருதய சிகிச்சைக்குப்பின் மூச்சுப் பயிற்சி

எம் பெரிய தந்தையார்க்குச் சென்ற ஆண்டு இருதயத்தில் இரணசிகிச்சை நிகழ்ந்தது. நான்காம் நாள் யாம் காணச் சென்றபோது, மூன்று பந்துகள் அடங்கிய பிளாஸ்டிக் கருவியொன்றை அவர் வருந்தி ஊதிக்கொண்டிருந்தார். பந்து ஒன்றேனும் எழவில்லை. பயிற்சி தரும் அம்மையார் வந்து, "ஊதாதீர்கள், ஐயா, உள்ளே இழுங்கள்" என்றார். பழுது இருதயத்தில் இருக்க, பயிற்சி நுரையீரலுக்கு எதற்கு என்னும் ஐயம் எமக்கு அன்று எழுந்தது.

நுரையீரல் என்னும் பெயரே பாதி விடையைத் தந்துவிடுகின்றது. தமிழ் பயில்வார்க்கு இஃது ஓர் உவகை. அவ்வுறுப்பு உண்மையில் நுரை போன்றதே. காற்று நிறைந்த சிற்றறைகள் பல கோடி செறிந்தது. காற்று நீங்கின் நுரை அமிழ்வதுபோல, அவ்வறைகளும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். 1953 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்னும் மருத்துவர் முதன்முதல் வெற்றியுடன் கையாண்ட இருதய நுரையீரல் இயந்திரம், சிகிச்சை நடக்குங்கால் குருதிக்குப் பிராணவாயு ஊட்டுகின்றது. அந்நேரம் நுரையீரல் பெரும்பாலும் வேலையற்றுச் சுருங்கிக் கிடக்கும். பின்னரோ, பிளந்து கம்பியாற் பிணித்த மார்பெலும்பின் நோவால் நோயாளி ஆழ்ந்து மூச்செடுக்க அஞ்சுவார், இருமவும் அஞ்சுவார். அடிப்புறத்து அறைகள் மூடியே கிடக்கும், சளி தேங்கும், நிமோனியாவும் வரக்கூடும்.

ஆதலின் மூச்சை மெல்ல, ஆழ இழுத்து, மூன்று முதல் ஐந்து விநாடி உள்ளே நிறுத்தி, மெல்ல விடல் வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் பத்து முறை செய்க என்பது பல மருத்துவமனைகளின் வழக்கு. விரைந்து இழுத்து விடுவதாற் பயன் குறைவு. மூடிய அறைகள் திறப்பதற்கு அந்நிறுத்தம் இடந்தருகின்றது. தலை சுழன்றால் இளைப்பாறல் வேண்டும். இருமுங்கால் தலையணையொன்றை மார்போடு இறுக அணைத்துக்கொள்ளின் நோவு தணியும்.

பந்துக் கருவியோ இன்றியமையாதது அன்று. ஆய்வுகள் பலவற்றை ஒருங்கு நோக்கியோர், ஏனை மூச்சுப் பயிற்சிகளினும் அது மேம்பட்டது என்பதற்கு உறுதியான சான்று கண்டிலர். எனினும் காணப்படாத மூச்சை அது கண்ணுக்குக் காட்டுகின்றது. பந்து எழக் கண்டபின் எம் பெரிய தந்தையார் சிறுவனைப்போல் மறுமுறையும் முயன்றார்.

எம் நெஞ்சை உறுத்துவது பிறிதொன்று. 2006 ஆம் ஆண்டு வெளியான நெதர்லாந்து நாட்டு ஆய்வொன்றில், நுரையீரற் கேடு நேர மிக்க வாய்ப்புடையார் சிலர்க்குச் சிகிச்சைக்கு முன்னரே மூச்சிழுக்கும் தசைகளைப் பயிற்றினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றாருள் நூற்றுக்கு 35 பேர்க்கு நேர்ந்த கேடு, பயின்றாருள் 18 பேர்க்கே நேர்ந்தது. எம் பெரிய தந்தையார் புகைபிடித்துப் பழகியவர். சிகிச்சைக்கு நாள் குறித்தபின் மூன்று வாரம் வீட்டிற் காத்திருந்தார். அந்நாட்களில் அவர்க்கு ஒரு மூச்சுப் பயிற்சியேனும் கற்பித்தார் இலர்.