அலையைத் தாங்கும் படகு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராயபுரத்துக்கு அருகே செயற்கைத் துறைமுகம் எழுவதற்கு முன், கப்பல்கள் சென்னைக் கரையை அணுகுவதில்லை; அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து சரக்கைச் சுமந்தன. கப்பல் தானே அலைக்குள் புகுந்தால் தரைதட்டும்.

பைத்தான் மொழியில் எழுதிய வலைச் செயலியின் நிலையும் இதுவே. அதை இயக்கும் குனிக்கார்ன் என்னும் மென்பொருள் சில பணியாளர்களையே வைத்திருக்கும். பணியாளர் என்பது இங்கே மனிதரன்று. கணினிக்குள் இயங்கும் ஒரு செயல்முறை. இயல்பான அமைப்பில் அது ஒரு வேளையில் ஒரு கோரிக்கையையே கவனிக்கும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில், எண்ணூர் மாணவர் ஒருவர் மந்தமான இணைப்பில் தம் படிவத்தைத் துளித்துளியாக அனுப்பினால், அது முடியும்வரை ஒரு பணியாளர் கட்டுண்டு கிடக்கும். அத்தகையோர் நால்வர் சேர்ந்தால், நான்கு பணியாளர் கொண்ட தளம் திருவொற்றியூரில் காத்திருப்பவருக்கும் திறவாது.

ஆகவே முன்னே ரிவர்ஸ் பிராக்ஸியை நிறுத்துகிறோம். இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அத்தகையது. ஆயிரக்கணக்கான இணைப்புகளை அது தாங்கி, கோரிக்கை முழுமையாகச் சேர்ந்த பின்னரே உள்ளே ஒப்படைக்கிறது. விடையை விரைந்து வாங்கி, அவரவர் வேகத்துக்கேற்ப அனுப்புகிறது.

ஒன்றை வலியுறுத்துவேன். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால், குனிக்கார்னை 127.0.0.1 என்னும் உள்முகவரியில் மட்டுமே இயக்குங்கள். படகைத் தவிர்த்துக் கப்பலை அடையும் வழி வெளியார்க்கு இருத்தலாகாது.