மலைக்காற்றில் ஒரு சிறு குண்டு

மெய்யான துப்பாக்கிகளுக்குச் சட்டம் கடுந்தடை விதித்திருந்த ஜப்பானில், 1970-களில், உருவத்தில் அவற்றையே ஒத்து, காற்றழுத்தத்தால் பிளாஸ்டிக் குண்டுகளை எய்யும் 'ஏர்சாஃப்ட்' பிரதிகள் தோன்றி, அவற்றைச் சேகரிப்பதே ஒரு ரசனையாக வளர்ந்தது. 6 மில்லிமீட்டர் குறுக்களவும் 0.2 கிராம் எடையுமே உள்ள குண்டு, சட்டென்று தரையில் விழாமல் நெடுந்தூரம் மிதந்து செல்வது எப்படி?

குழலின் தொடக்கத்தில், மேற்புறம் லேசாகத் துருத்தி நிற்கும் ரப்பர் முனை குண்டின் உச்சியை உரசி அதைப் பின்னோக்கிச் சுழற்றிவிட, அச்சுழற்சி காற்றைக் கீழே தள்ள, அதன் எதிர்விளைவாகக் குண்டு மேலே தாங்கப்படுகிறது. 1852-இல் ஜெர்மானிய விஞ்ஞானி மாக்னஸ் ஆராய்ந்த தத்துவம் இது. வெளித்தோற்றத்தின் அலங்காரத்தைவிட இச்சிறு ரப்பரின் சூக்ஷ்மமே, என் அபிப்பிராயத்தில், சேகரிப்போர் பெருமைப்படத்தக்கது.

இத்தாங்கல் காற்றின் அடர்த்தியையும் பொறுத்தது. குழந்தை வேலப்பர் கோயில் கொண்ட கொடைக்கானல் மலைக்கிராமமான பூம்பாறையிலோ, ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில், பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களின்மேல் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே குண்டைத் தடுக்கும் விசையும் தாங்கும் விசையும் ஒருங்கே குறைய, சமவெளியில் அமைத்த ரப்பரை அங்கே சற்றுக் கூடுதலாக இறக்க வேண்டும். மார்கழிக் குளிரில் ரப்பரும் இறுகிவிடுமாதலால், காப்புக்கண்ணாடி அணிந்து, சில குண்டுகளை எய்து பார்த்தே இதைச் சீர்செய்ய இயலும்.