ஏழு சீட்டு வண்டி எங்கே டீசல் குடிக்கிறது?

வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். டாஷ்போர்டு திரையில் வரும் எண்ணைத்தான் சொல்வார்கள். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு 400 கி.மீ. ஓடிய பிறகு அதே பங்க்கில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது பில்லில் உள்ள லிட்டரால் வகுத்தால் வருவதுதான் நிஜம். எங்கள் வீட்டு டீசல் வண்டியில் திரை 13.4 என்றது, பில் 11.6 என்றது.

சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். மாதம் 1,300 கி.மீ. ஓடும் வண்டி 11 கொடுத்தால் 118 லிட்டர் வேண்டும். 13 கொடுத்தால் 100 போதும்.

அந்த 18 லிட்டரில் பெரும்பங்கைத் தின்பது காற்று. பொன்னேரியிலிருந்து தச்சூர் கூட்டுச்சாலை வந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஹைவேயில் ஏறியதும் கால் தானாக அழுந்தும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கும் மேல், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கமாக ஏறும். இன்னோவா மாதிரி உயரமான வண்டியில் இது இன்னும் உறைக்கும். பீரோவை நிறுத்தி வைத்துத் தள்ளுகிற கதைதான். இதில் மிச்சமாவது என்ன? 40 கி.மீ.க்கு 6 நிமிடம். அதையும் டோல்கேட் வரிசை வாங்கிக்கொள்ளும். 1978-இல் மத்திய அரசு தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45–55 கி.மீ. வேகம்தான் சிக்கனம் என்கிறது. டிரெய்லர் லாரி பின்னால் ஹாரன் அடிக்கும்போது அது நடக்காது. 80 நியாயமான சமரசம்.

அடுத்த திருடன், வண்டி நிற்கிற நேரம். மீஞ்சூர் ரோட்டில் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவருக்கு விளக்கம் தேவையில்லை. ஏசி போட்டு நிற்கும் பெரிய டீசல் என்ஜின் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை இழுக்கும், ஓடும் தூரமோ பூஜ்யம். ரயில்வே கேட் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பின் சீட்டில் பாட்டி இருந்தால் ஏசி ஓடட்டும், டீசல் போனால் போகிறது. ஹைவேயில் விரட்டி வந்து நின்றதும் மட்டும் உடனே அணைக்கக் கூடாது. டர்போ ஆற ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும்.

பழைய டிரைவர்கள் விடாமல் செய்யும் ஒன்று, பாலத்திலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விடுவது. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இன்றைய என்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் வரத்தே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால், என்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கின் மேல் சுமையும் கூடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அதுவே எரித்துக்கொள்ள நல்ல சூடும் நீண்ட ஓட்டமும் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் எரித்து முடிப்பதற்குள் வண்டி நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, கூடுதல் டீசலைச் செலவழிக்கும். அந்த வேலைக்கு ஸ்கூட்டரை எடுங்கள்.

டயருக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய ஏறும் நாளுக்குத் தனி அளவும் அதிலேயே இருக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பாயின்ட் கூட்டிக் காட்டும்.

இன்னொன்றைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். அதிகம் பிரேக் போடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழவேற்காடு உப்புக்காற்றில் நிறுத்திவைக்கும் வண்டிகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

மைலேஜ் கூடும் என்று சொல்லி டீசல் குழாயில் மாட்டும் காந்தத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளைப் பரிசோதித்ததில் ஏறக்குறைய எதுவுமே உருப்படியாக வேலை செய்யவில்லை.

இதற்கு நேர்மாறாக, காசே ஆகாத வேலை தலைக்கு மேலே இருக்கிறது. பின்னால் கிடக்கும் தண்ணீர் கேனையும் ஜமுக்காளத்தையும் பற்றி வீட்டில் சண்டை போடுவோம். இரண்டு டன் வண்டிக்கு இருபது கிலோ பெரிதல்ல. கூரை கேரியரோ காலியாக இருந்தாலும் ஹைவேயில் காற்றை வாரி இழுக்கும், மூட்டை ஏற்றினால் கேட்கவே வேண்டாம். எங்கள் வண்டியில் அக்கா கல்யாணச் சீர் ஏற்றுவதற்காகப் போட்ட கேரியர், அவள் பையன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் கூரையிலேயே இருந்தது. கழற்ற எடுத்த நேரம் கால் மணி, அதிலும் பாதி துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்கு.