எருக்கிலையை மறவாத பட்டாம்பூச்சி



பள்ளியில் கொடுத்த இயற்கைக் குறிப்பேட்டிற்காகப் பத்துப் பட்டாம்பூச்சிகளை நேரில் கண்டு எழுதவேண்டும் என்றாள் என் மகள். 2006-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பன்னர்கட்டா பட்டாம்பூச்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போகும்படி கேட்டாள். தொலைபேசியில் இதைக் கேட்ட என் தகப்பனார், "பாப்பாவை இங்கே கூட்டிக்கொண்டு வா. டிக்கெட் இல்லாமல் நான் காட்டுகிறேன்" என்றார்.

இங்கே என்றால் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். மகளின் முகம் வாடிற்று. காரணம் எனக்குத் தெரியும். சொந்த ஊர் எது என்று தோழிகள் கேட்டால் பெங்களூர் என்றே அவள் சொல்லுகிறாள். அந்தப் பாடத்தை அவளுக்குக் கற்பித்தவன் நானே. சுரங்கம் மூடியபின் பெங்களூரில் வாடகை வீடு தேடிய நாட்களில், வேலையற்றவன் என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சி ஊரின் பெயரை மறைத்தேன். பிறகு அதுவே பழக்கமாயிற்று. வீட்டில் வளர்ந்த பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தது.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் போய்ச் சேர்ந்தோம்.

நச்சுச் செடியில் விருந்து

காலை ஒன்பது மணிக்குமேல்தான் அப்பா எங்களை வெளியே அழைத்துச் சென்றார். பட்டாம்பூச்சிக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளும் திறன் குறைவு. வெயிலில் சிறகை விரித்துக் காய்ந்த பிறகே அது பறக்கும். முப்பத்தொரு வருடம் பூமிக்கடியில் வேலை செய்தவர் அப்பா. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழமுடையது. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். சூரியனைக் காணாமல் உழைத்த நாட்களுக்கு ஈடாக, இப்போது காலைதோறும் வெயிலில் உட்காருகிறார். பட்டாம்பூச்சிகளோடு பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

சயனைடு மேடுகள் தூரத்தில் தெரிந்தன. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கவேலையைத் தொடங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கற்பொடியே அந்தக் குன்றுகள். காற்றில் தூசி பறக்குமென்பதால் அப்பக்கம் போகவில்லை. அப்பாவின் மார்பில் ஏற்கெனவே தங்கியிருக்கும் தூசி போதும். பத்தடிக்கு ஒருமுறை நின்று இருமினார்.

பாதையோரத்துத் தரிசில் எருக்கு மண்டிக் கிடந்தது. ஓர் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரிகளோடு, முதுகில் மூன்று ஜோடிக் கரிய இழைகளோடு ஒரு புழு இலையைத் தின்றுகொண்டிருந்தது.

"தாத்தா, இது விஷச் செடி ஆயிற்றே!"

"நமக்கு விஷம், பாப்பா. இதற்கு அதுதான் சாப்பாடு."

அது வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலிலுள்ள நச்சு அதைக் கொல்வதில்லை. அந்த நச்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பின்பும் நச்சு உடலிலேயே தங்குவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை கசப்பறிந்து துப்பிவிடும். மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகும். ஆகையால் வெந்தய வரியன் அவசரமின்றி, தாழ்வாக, நிதானமாய்ப் பறக்கிறது.

இதைப் பார்த்து வேடமிடும் பட்டாம்பூச்சியும் உண்டு. வேறோர் இனத்தின் பெண், அப்படியே வெந்தய வரியனின் நிறத்தைக் கொண்டிருக்கும். ஆனால் அது புழுவாயிருந்தபோது எருக்கைத் தின்றதில்லை. அதன் உடலில் நச்சும் இல்லை. மெய்யானவை பலவாய் இருக்குமட்டும் போலியும் தப்பிக்கும். மெய்யானவை குறைந்து போனால், வெறும் நிறம் அதைக் காப்பாற்றாது.

பொன் இங்கே இருக்கிறது

இன்னோர் இலையில் பச்சைநிறக் கூட்டுப்புழு தொங்கியது. அதன் மேல் மிகச் சிறிய பொன்மணிகள் வரிசையாய் மின்னின. கூட்டுப்புழுவை ஆங்கிலத்தில் கிரிசலிஸ் என்பர். பொன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இதை நான் சொன்னதும் அப்பா சிரித்தார். "தங்கம் தீர்ந்துபோயிற்று என்று மூடிவிட்டார்களே, எருக்கிலையில் தேடவில்லை போலிருக்கிறது!"

அந்தக் கூட்டுக்குள் புழுவின் உடலில் பெரும்பகுதி கரைந்து, புதிதாய் உருவாகிறது. ரோமர் 12:2-இல் மறுரூபத்தைக் குறித்துப் பவுல் எழுதும் மூலமொழிச் சொல்லும், இந்த மாற்றத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழையது முற்றிலும் அழிந்துபோகிறது என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். ஒரு வகை அந்துப்பூச்சியின் முதிர்ந்த புழுக்களுக்கு, குறிப்பிட்ட வாசனையை வெறுக்கும்படி பயிற்சி கொடுத்தார்கள். அவை கூடடைந்து, சிறகோடு வெளிவந்த பின்பும் அதே வாசனையை விட்டு விலகின. உடல் மாறியும் நினைவு மாறவில்லை.

பிற்பகல் ஆட்டோவில் பேத்தமங்கலம் ஏரிக்குப் போனோம். பாலாற்று நீரைத் தாங்கி, தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி அது. கரையின் ஈரமண்ணில் கொன்னை வெள்ளையன்கள் கூட்டமாய் உட்கார்ந்து உப்புச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நீல வரியனும் எலுமிச்சை அழகியும் கண்ணில் பட்டன. குறிப்பேட்டில் ஒன்பது பெயர்கள் சேர்ந்தன. பத்தாவது அகப்படவில்லை.

திரும்பும் வழியில் எருக்கஞ்செடி ஒன்றில் வெந்தய வரியன் வந்து அமர்ந்து, வயிற்றை வளைத்து இலையில் முட்டையிட்டது. பட்டாம்பூச்சி இலை தின்னாது. தேனே அதன் ஆகாரம். எருக்கிலை இனி அதற்கு உணவு இல்லை. எனினும் செடி செடியாய்த் தேடி, கால்களால் இலையின் சுவையறிந்து, தன்னை வளர்த்த செடியிலேயே பிள்ளைகளை விடுகிறது. மகள் அதை நெடுநேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்குள் ஏதோ குத்துண்டது.

அதிகாலை நான்கு மணி ஜெபம், முதல் ஷிப்டுக்குப் போகும் தகப்பனுக்காகக் கண்ணீரோடு முழங்காலில் நின்ற தாய், அரைவயிற்றுக் கஞ்சியிலும் கொடுத்த தசமபாகம்: இவையே நான் தின்ற இலை. நகரத்தின் சோதனைகள் இதுவரை என்னை விழுங்காதிருந்தால், அந்தக் கசப்பு என் உடலில் இருப்பதே காரணம். அந்தச் செடியின் பெயரையே என் பிள்ளைக்கு மறைத்தேனே! அவளுக்குச் சிறகின் நிறம் மட்டும் போதுமா?

மாலை இரயிலில் எதிரே இருந்த தாயார் மகளிடம், "எந்த ஊர், அம்மா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். "சாம்பியன் ரீஃப்" என்றேன் நான். "என் தகப்பனார் அங்கே சுரங்கத்தில் வேலை செய்தார்." மகள் ஒன்றும் பேசவில்லை. சற்றுநேரம் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்து, கண்ட இடம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரை எழுதினாள்.

பிரியமானவர்களே, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும் நாளில் வனாந்தரத்து வழியை மறவாதபடி இஸ்ரவேலரை எச்சரிக்கும் உபாகமம் 8-ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். பூமியின் ஆழத்தில் பொன் தேடுவோரைப் பற்றிப் பேசும் யோபு 28-ஐயும் வாசியுங்கள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை உங்கள் ஊருக்கு, அது தங்கவயலோ, தர்மபுரியோ, திருநெல்வேலியோ, அழைத்துச் செல்லுங்கள். முதியவர்கள் நடக்கக்கூடிய காலத்திலேயே அதைச் செய்யுங்கள்.

எங்களை மறுரூபமாக்கின ஆண்டவரே, நீர் எங்களைப் போஷித்த இடத்தை நாங்களும் எங்கள் பிள்ளைகளும் மறவாதிருக்கக் கிருபை தாரும். ஆமென்.