விடையை ஒத்துப் பார்த்தல்



தேர்வு முடிந்து மணி அடித்ததும் நீங்கள் முதலில் செய்வது யாது? வினாத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு விரைந்து, "உனக்கு என்ன விடை வந்தது?" என்று தோழனைக் கேட்பதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்காட்சியைக் கண்டவன் நான். தமிழ்த் தேர்வன்று இந்த ஆரவாரம் அவ்வளவாக இராது. கட்டுரையை யாருடன் ஒத்துப் பார்ப்பது? வேதியியல் தேர்வோ எண்களைத் தருகிறது. எண் வேறுபட்டால் முகமும் வேறுபட்டுவிடுகிறது.

1993-ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வின்போது நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். அப்பொழுது நான் தலைமையாசிரியன் அல்லன். மேனிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து வந்தேன். புளியமரத்தடியில் மூன்று மாணவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். 0.63 கிராம் ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தை நீரில் கரைத்து 100 மில்லி லிட்டர் ஆக்கிய கரைசலைப் பற்றிய வினா அது. ஒருவனுக்கு விடை 0.1, மற்றொருவனுக்கு 0.05, மூன்றாமவனுக்கு 0.14. வழியோடு சென்ற என்னை நிறுத்தி, "எது சரி, ஐயா?" என்றனர். நான் மனத்திலேயே கணக்கிட்டு, "0.05" என்று சொல்லிவிட்டு நடந்தேன். 0.1 எழுதியவன் ஒன்றும் பேசவில்லை.

மாலையில் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்து வினாத்தாளைப் பிரித்தபொழுதுதான் எனக்குத் திடுக்கிட்டது. வினா கேட்டது கரைசலின் மோலாரிட்டியை அன்று, நார்மாலிட்டியை!

இவ்விரண்டின் வேறுபாட்டைச் சற்றே பார்ப்போம். ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தின் மூலக்கூறு எடை 126. ஆகவே 0.63 கிராம் என்பது 0.005 மோல். 100 மில்லி லிட்டரில் அவ்வளவு என்றால், ஒரு லிட்டரில் 0.05 மோல். இது மோலாரிட்டி. ஆனால் இவ்வமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரவல்லது. ஆதலின் அதன் சமான எடை 126-இல் பாதி, அதாவது 63. அக்கணக்கின்படி அதே கரைசலின் நார்மாலிட்டி 0.1. குடுவையில் இருப்பது ஒரே கரைசல்தான், அளவுகோல்தான் வேறு. ஒரே துணியை ஒருவன் முழத்தாலும் மற்றவன் கஜத்தாலும் அளந்து, எண் வேறாயிற்றே என்று சண்டையிடுவதைப் போன்றது இது.

நார்மாலிட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வினை மாறினால் சமான எடையும் மாறிவிடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமில ஊடகத்தில் அது ஐந்து எலெக்ட்ரான்களை ஏற்கிறது. சமான எடை 31.6. நடுநிலை ஊடகத்தில் மூன்றையே ஏற்கிறது. சமான எடை ஏறத்தாழ 52.7 ஆகிவிடுகிறது. எந்த வினை என்று சொல்லாமல் நார்மாலிட்டியை மட்டும் சொல்லுவதில் பொருளில்லை. இதனால்தான் இவ்வளவைக் கைவிடுவது நன்று என்று பன்னாட்டு வேதியியலார் பரிந்துரைத்துள்ளனர். நம் பள்ளி ஆய்வுக்கூடங்களிலோ பியூரெட்டும் பிப்பெட்டும் இருக்கும் இடமெல்லாம் அது வேரூன்றி நின்றது.

0.14 எழுதியவன் செய்த பிழை என்ன? அவன் படிக நீரை மறந்துவிட்டான். படிகத்தின் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் இணைந்துள்ளன. அவற்றின் எடை 36. அதை விட்டுவிட்டால் 126 என்பது 90 ஆகிவிடும், சமான எடை 45 ஆகும், விடை 0.14 என்று வரும். மரத்தடியில் மூவருள்ளும் அதிகமாகக் கேலி செய்யப்பட்டவன் இவனே. ஆனால் வினா கேட்டதை உணர்ந்து நார்மாலிட்டியைக் கணக்கிட்டவன்; ஒரு படியில் மட்டும் சறுக்கியவன். மூன்று மதிப்பெண்ணில் இரண்டு அவனுக்குக் கொடுத்தேன்.

மரத்தடியில் நின்ற மூவரிடமும் வினாத்தாள் இருந்தது. ஒருவனும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை; நானும் கேட்டு வாங்கவில்லை.

மறுநாள் இயற்பியல் தேர்வு. இரவு எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, 0.1 எழுதியவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தான். புத்தகம் எதுவும் பிரிக்கப்படவில்லை. "இனி அறிவியல் பிரிவே வேண்டாம் என்கிறான், ஐயா, மாமாவின் கடைக்கே போய்விடுகிறேன் என்கிறான்" என்றார் அவன் தாயார். நான் வினாத்தாளை விளக்கடியில் விரித்து, "தம்பி, உன் விடைதான் சரி; தவறு என்னுடையது" என்றேன். அவன் அந்த வரியை இருமுறை படித்தான். பிறகு உள்ளே சென்று இயற்பியல் புத்தகத்தை எடுத்து வந்தான்.

0.05 எழுதியவனிடம் உண்மையைச் சொல்லுவதுதான் அதைவிடக் கடினமாயிருந்தது. இயற்பியல் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்து, மறுநாள் நண்பகல் அவனை அழைத்துச் சொன்னேன். அவன் தலை குனிந்தவாறே, "நேற்று வீட்டுக்குப் போனதுமே வினாத்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஐயா. நீங்களே சரி என்றபின் எப்படிச் சொல்லுவதென்று தயங்கினேன்" என்றான்.